சோல்ன்ஹோஃபன் கல்லில் ஜெல்லி மீன் எப்படிப் பதிந்தது?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: ஜெல்லி மீனுக்கு எலும்பு இல்லை, ஓடும் இல்லை, உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். அது எப்படி 15 கோடி ஆண்டு பழைய சுண்ணாம்புக்கல்லில் பதிந்து நிற்கிறது? ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபன் பகுதியில் இவ்வளவு அருமையான புதைபடிவங்கள் கிடைக்கின்றனவே, அந்தக் காலத்தில் அங்கே அவ்வளவு உயிர்கள் நிறைந்திருந்தனவா?

இரண்டாவது கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். முதல் கேள்விக்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது. இல்லை, அங்கே உயிர்கள் நிறைந்திருக்கவில்லை. அப்போது அங்கே ஒரு காயல் இருந்தது, அதன் அடித்தளத்தில் கிட்டத்தட்ட எதுவுமே வாழவில்லை. அதனால்தான் அங்கே போய் விழுந்தவை எல்லாம் கெடாமல் மிஞ்சின. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தெற்கு ஜெர்மனியில், பவேரியா மாநிலத்தில், நியூரம்பெர்க்குக்கும் மியூனிக்குக்கும் நடுவே ஆல்ட்மூல் என்ற ஆறு ஓடுகிறது. அதன் கரையில் உள்ள சின்ன ஊர்தான் சோல்ன்ஹோஃபன். அதையும், கிழக்கே இருக்கும் ஐஷ்டெட் நகரத்தையும் சுற்றி ஏராளமான குவாரிகள் உண்டு. இன்று கடல் அங்கிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஜுராசிக் காலத்தின் கடைசிக் கட்டத்தில் நிலைமை வேறு. மத்திய ஐரோப்பாவின் பெரும்பகுதி வெதுவெதுப்பான, ஆழமில்லாத கடல். அங்கங்கே தீவுகள். தெற்கே டெதிஸ் என்ற பழங்காலப் பெருங்கடல் விரிந்து கிடந்தது.

அந்த ஆழமற்ற கடலின் தரையில் கடற்பஞ்சுகளும் நுண்ணுயிர்களும் சேர்ந்து கட்டிய மேடுகள் எழும்பி நின்றன. திறந்த கடல் பக்கத்தில் பவளப் பாறைகள் வளர்ந்தன. இந்த மேடுகளுக்கு நடுவே பள்ளங்கள் பள்ளங்களாகக் காயல்கள் உருவாயின. வெளிக்கடலோடு தண்ணீர்ப் போக்குவரத்து மிகக் குறைவு. வெயில் அதிகம், மழை குறைவு. மேல் தண்ணீர் ஆவியாக ஆவியாக மிஞ்சிய நீரில் உப்பு ஏறும். உப்பு ஏறிய நீர் கனமானது, அது அடியில் போய்த் தங்கிவிடும். மேலே இருக்கும் இலகுவான நீரோடு அது கலப்பதே இல்லை. கலக்காவிட்டால் ஆக்சிஜன் கீழே இறங்காது. இருந்த கொஞ்ச ஆக்சிஜனையும் மக்கும் பொருட்கள் தின்று தீர்த்துவிடும். ஆக, மேலே மீன்கள் நீந்தக்கூடிய நீர், கீழே உப்பும் மூச்சுமுட்டலுமான செத்த நீர்.

உப்பு முக்கியமா, ஆக்சிஜன் இல்லாதது முக்கியமா என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்தன என்பது என் கருத்து. கல்லில் கிடைக்கும் சாட்சிகளை ஒற்றைக் காரணத்தால் விளக்க முடியவில்லை.

அந்தச் சாட்சிகள் என்ன? சாதாரணக் கடலடிச் சேற்றில் புழுக்களும் சிப்பிகளும் நண்டுகளும் துளைத்துத் துளைத்துப் படிவை ஒரு கலவையாக்கிவிடும். சோல்ன்ஹோஃபன் கல்லிலோ ஏடுகள் குலையாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அப்படியே அடுக்கி இருக்கின்றன. சேற்றைத் துளைத்தவர் யாரும் இல்லை. பிணங்களைத் தின்னவும் யாரும் வரவில்லை. மீன்களின் எலும்புக்கூடுகள் சிதறாமல் முழுசாக இருப்பது அதனால்தான்.

இதைவிட நேரடியான சாட்சி லாட நண்டுகள். நம் வங்காள விரிகுடாவிலும் இன்று லாட நண்டுகள் உண்டு, அந்த வம்சத்தின் பழைய உறவுதான் மீசோலிமுலஸ். சோல்ன்ஹோஃபன் பகுதிக் குவாரிகளில் சில நேரம் அதன் கால் தடங்கள் கிடைக்கும், தடத்தின் முடிவில் நண்டும் கிடைக்கும். 2012இல் விவரிக்கப்பட்ட ஒரு தடம் 9.7 மீட்டர் நீளம். நண்டு மேலிருந்து முதுகு பட விழுந்திருக்கிறது, புரண்டு எழுந்திருக்கிறது, நடக்க ஆரம்பித்திருக்கிறது. கொஞ்ச தூரம் போனதும் தடுமாறுகிறது, திசை மாறுகிறது, கடைசியில் நின்றுவிடுகிறது. ஒரு விலங்கின் கடைசி நிமிடங்கள் இவ்வளவு தெளிவாகப் பதிவான இடங்கள் உலகில் மிகக் குறைவு. லாட நண்டு எந்தக் கஷ்டத்தையும் தாங்கும் பிராணி. அதுவே இவ்வளவு சீக்கிரம் செத்தது என்றால் அந்த அடிநீரின் தன்மையை யோசித்துப் பாருங்கள்.

இந்தத் தடங்களுக்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது. 1862இல் ஓப்பல் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் இப்படிப்பட்ட தடங்களை விவரித்தபோது, அவை பறவை போன்ற ஏதோ ஒன்று நடந்துபோன அடையாளம் என்று எண்ணப்பட்டது. அதை வைத்து, காயல் அவ்வப்போது வற்றி வெறும் சேற்றுத் திடலாகக் கிடந்தது என்றும் நினைத்தார்கள். 1940களில்தான் கென்னத் காஸ்டர் அவை லாட நண்டின் தடங்கள் என்று காட்டினார். நில விலங்குகள் அந்தச் சேற்றில் நடந்ததற்கான சான்று அத்தோடு போயிற்று. இன்றைக்கும் சில பழைய நூல்களில் வெயிலில் காய்ந்த சேற்றில் பறவைகள் சிக்கிக்கொள்வதுபோலப் படம் போட்டிருப்பார்கள். அதை நம்ப வேண்டாம்.

சரி, இப்போது ஜெல்லி மீன். அது காயலின் அடியில் வாழ்ந்தது கிடையாது. மேல் நீரில், அல்லது வெளிக்கடலில் மிதந்தது. புயல் வரும்போது வெளிக்கடல் நீரும், பவளப் பாறைப் பகுதியில் இருந்த மிக நுண்ணிய சுண்ணாம்புச் சேறும் அலையோடு உள்ளே அடித்து வரப்பட்டன. புயல் அடிநீரையும் மேல்நீரையும் கலக்கியபோது மேலே இருந்தவையும் செத்தன. உடல்கள் மெல்லக் கீழே இறங்கின. அதே நேரம் கலங்கிய சேறும் படிந்து அவற்றை மூடியது. அடியில் நீரோட்டம் கிட்டத்தட்ட இல்லை. அம்மோனைட் என்ற, கணவாயின் பழைய உறவான உயிரின் காலியான சுருள் ஓடு ஒன்று தரையை லேசாக உரசிக்கொண்டே மிதந்துபோன 8.5 மீட்டர் நீளக் கோடு கூட ஒரு பலகையில் அழியாமல் இருக்கிறது என்றால், அங்கே எவ்வளவு அமைதி நிலவியது என்று தெரிந்துகொள்ளலாம்.

அடித்தரையில் நுண்ணுயிர்கள் மெல்லிய படலமாகப் படர்ந்திருந்தன என்றும் பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பாலில் ஏடு படிவதுபோல அது உடலின்மேல் படர்ந்து மூடிவிட்டால், உடல் மிதந்து மேலே வராது, சிதறவும் சிதறாது. ஜெல்லி மீனைப் பொறுத்தவரை, அதன் திசு எதுவும் மிஞ்சவில்லை. மிஞ்சியது அச்சு மட்டும்தான். தசை வளையங்களும் நடுப்பகுதியின் அமைப்பும் சேற்றில் பதிந்தன, உடல் கரைந்து போவதற்குள் சேறு அந்த வடிவத்தைப் பிடித்துக்கொண்டது, பிறகு அது இறுகிக் கல்லானது. ரைசோஸ்டோமைட்டிஸ் என்ற இனத்தின் அச்சுகள் சில பலகைகளில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருக்கும்.

எல்லா மென்மையான உடலும் இப்படி அச்சாக மட்டும் பதியவில்லை. கணவாய் இனங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பிளீசியோட்யூத்திஸ் போன்றவற்றில் தசையே கல்லாகி நிற்கிறது. உடல் மக்கும்போது வெளியாகும் பாஸ்பேட், சுற்றிலும் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து, தசை நார்களின் இடத்திலேயே படிகமாகிவிடும். இது மிக வேகமாக நடக்க வேண்டும், இல்லையென்றால் தசை அதற்குள் கரைந்துவிடும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் நார் நாராகத் தெரியும். மைப்பையும் மிஞ்சியிருக்கிறது, மை மெலனின் என்பதால் அது எளிதில் அழியாது. தும்பிகளின் இறக்கைகளில் ஒவ்வொரு நரம்பையும் எண்ணலாம். இறாலின் மீசை முழு நீளத்துக்குக் கிடைக்கிறது.

இவ்வளவு நுணுக்கம் பதிவதற்குக் கல்லின் துகள் அளவு ஒரு முக்கிய காரணம். அச்சு எவ்வளவு நைஸாக இருக்கிறதோ அவ்வளவு நைஸான வடிவம்தான் வார்ப்பில் வரும். அங்கே படிந்த சுண்ணாம்புச் சேறு மணல்போலக் கரகரப்பானதாக இருந்திருந்தால் இறகின் இழைகள் பதிந்தே இருக்காது. குவாரிக்காரர்கள் இதில் இரண்டு வகை ஏடுகளைப் பிரிப்பார்கள். கெட்டியானதை ஃபிளின்ஸ் என்பார்கள், அது 95 சதவீதத்துக்கு மேல் சுண்ணாம்பு. களிமண் கலந்த, உதிரக்கூடியதை ஃபொய்லெ என்பார்கள். ஃபிளின்ஸ்தான் காசு.

அந்தக் காயலில் நடந்த விபத்துகளும் கல்லில் அப்படியே நிற்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த பலகையில் ராம்ஃபோரிங்கஸ் என்ற பறக்கும் ஊர்வனவும், ஆஸ்பிடோரிங்கஸ் என்ற நீண்ட மூக்கு மீனும் ஒன்றாகக் கிடக்கின்றன. பறந்து வந்த ராம்ஃபோரிங்கஸ் ஒரு குட்டி மீனைக் கவ்வி விழுங்கிக்கொண்டிருந்தது, அந்தக் குட்டி மீன் இன்னும் அதன் தொண்டையில் இருக்கிறது. அந்த நேரத்தில் நீருக்குள்ளிருந்து ஆஸ்பிடோரிங்கஸ் அதன் இறக்கையைப் பிடித்திருக்கிறது. இறக்கையின் நார்கள் பற்களில் சிக்கிக்கொண்டன. விழுங்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. உதறி உதறி இரண்டும் கீழே மூழ்க, மூச்சில்லாத நீர் இரண்டையும் கொன்றது. காம்ப்சோக்னேதஸ் என்ற, ஒரு மீட்டர்கூட இல்லாத டைனோசரின் வயிற்றிலும் இன்னொரு எலும்புக்கூடு இருக்கிறது. அதைக் கருவில் இருந்த குட்டி என்று முதலில் சந்தேகித்தார்கள். 1903இல் நாப்சா என்ற ஆய்வாளர் அது தின்னப்பட்ட இரை என்றார். அது ஒரு பல்லி என்பது பிறகு உறுதியானது.

இதுவரை சொன்னது இயற்கை செய்த பாதி. மீதிப் பாதியைச் செய்தது மனிதர்களின் கை உழைப்பு. இதைப் பலரும் சொல்வதில்லை, எனக்கு அது பெரிய குறையாகத் தெரிகிறது.

சோல்ன்ஹோஃபன் கல்லில் புதைபடிவங்கள் உண்மையில் அரிது. அங்கே சுத்தியலைத் தூக்கியதும் பறவை வந்து விழாது. எத்தனையோ பலகைகளைப் பிளந்தும் ஒன்றுமே இல்லாமல் போகும். பிறகு எப்படி அருங்காட்சியகங்கள் நிறைந்தன? ரோமானியர் காலத்திலிருந்தே அந்த ஏடுகளை மக்கள் கையால் பிளந்துகொண்டிருக்கிறார்கள். தரைக்குப் போட, கூரைக்குப் போட, சுவருக்குப் பதிக்க. அது வெடி வைத்து எடுக்கிற கல் கிடையாது. தொழிலாளி பலகையை நிறுத்தி, உளியை ஏட்டின் ஓரத்தில் வைத்து, அளவாகத் தட்டிப் பிளக்க வேண்டும். ஒவ்வொரு ஏட்டின் இரண்டு முகங்களும் ஒரு மனிதக் கண்ணுக்கு முன்னால் திறக்கின்றன. உலகில் வேறெந்தப் பாறையையும் இத்தனை தலைமுறையாக இப்படிப் பக்கம் பக்கமாக யாரும் புரட்டிப் பார்த்ததில்லை என்றே சொல்வேன்.

18ஆம் நூற்றாண்டின் கடைசியில் தேவை திடீரென்று கூடியது. மியூனிக்கில் நாடகம் எழுதிக்கொண்டிருந்த அலோய்ஸ் செனஃபெல்டர், தன் நாடகங்களை மலிவாக அச்சடிக்க வழி தேடி, 1796 வாக்கில் கல்லச்சு முறையைக் கண்டுபிடித்தார். கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் எழுது, கல்லை நனை, அச்சு மையை உருட்டு. மை எண்ணெய் உள்ள இடத்தில் மட்டும் ஒட்டும். இதற்குக் கல் நைஸாகவும் சீராகவும் கொஞ்சம் நீரை உறிஞ்சக்கூடியதாகவும் இருக்க வேண்டும். சோல்ன்ஹோஃபன் கல்லுக்கு இணையாக வேறெதுவும் கிடைக்கவில்லை. வரைபடம், இசைத்தாள், வண்ணப்படம் என்று 19ஆம் நூற்றாண்டு முழுக்கக் கல்லச்சு கொடிகட்டிப் பறந்தது. ரவி வர்மாவின் படங்களை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்த அச்சகம் 1894இல் பம்பாயில் தொடங்கியதும் இந்த முறையில்தான். கல்லுக்குத் தேவை கூடக் கூட, பிளக்கப்பட்ட ஏடுகளும் கூடின, கூடவே புதைபடிவங்களும்.

1860இல் ஒரு பலகையில் ஒற்றை இறகு கிடைத்தது. அடுத்த ஆண்டு ஹெர்மன் ஃபான் மேயர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் அதை விவரித்து, அந்த ஆதிப் பறவைக்கு ஆர்க்கியோப்டெரிக்ஸ் என்று பெயரிட்டார். அதே 1861இல் இறகுகளோடு கூடிய எலும்புக்கூடு ஒன்றும் வெளிவந்தது. பாப்பன்ஹைம் ஊர் மருத்துவர் ஹேபர்லைன் கைக்கு அது வந்து சேர்ந்தது. குவாரித் தொழிலாளர்கள் வைத்தியத்துக்குக் கூலியாகப் புதைபடிவங்களைக் கொடுப்பார்களாம். அவரிடமிருந்து அதையும் அவருடைய மற்ற சேகரிப்பையும் 700 பவுண்டுக்கு பிரிட்டிஷ் மியூசியம் வாங்கியது. ரிச்சர்ட் ஓவன் 1863இல் அதை விவரித்தார். டார்வினின் உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூல் வந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம். இறகு உண்டு, ஆனால் எலும்பாலான நீண்ட வால், இறக்கையில் நகமுள்ள விரல்கள். தாடையில் பற்கள் இருப்பது, 1870களில் ஐஷ்டெட் அருகே கிடைத்த இன்னொரு எலும்புக்கூடான பெர்லின் பிரதியில் எல்லோருக்கும் தெளிவாகத் தெரிந்தது. அந்த பெர்லின் பிரதியை 20,000 மார்க் கொடுத்து வெளிநாடு போகாமல் காப்பாற்றியவர் தொழிலதிபர் வெர்னர் ஃபான் சீமன்ஸ்.

காயலின் அடிநீர் செய்த வேலை எவ்வளவு பெரிது என்பதை இன்னும் இரண்டு பிரதிகளை வைத்துச் சொல்லலாம். 1951இல் ஐஷ்டெட் அருகே கிடைத்த ஒன்றில் இறகுப் பதிவு மிக மங்கல். அதனால் அது ஏறத்தாழ 20 ஆண்டுகள் காம்ப்சோக்னேதஸ் என்ற டைனோசராகவே கருதப்பட்டது. நெதர்லாந்தின் ஹார்லெம் நகர அருங்காட்சியகத்தில் இருந்த இன்னொன்று, பறக்கும் ஊர்வன என்ற பெயரில் நூறாண்டுக்கு மேல் கிடந்தது. 1970இல் அமெரிக்க ஆய்வாளர் ஜான் ஆஸ்ட்ரம் அதில் இறகின் சாயலைக் கண்டார். இறகு பதியாவிட்டால் ஆர்க்கியோப்டெரிக்ஸின் எலும்புக்கூடு ஒரு சின்ன டைனோசர் போலவேதான் இருக்கும், தேர்ந்த கண்ணுக்கும் அப்படித்தான் தெரியும். பறவைகள் டைனோசர் வழி வந்தவை என்ற கருத்தை ஆஸ்ட்ரம் மறுபடி உயிர்ப்பித்ததற்கு இந்த ஒற்றுமைதான் அடிப்படை. ஹார்லெம் பிரதியை 2017இல் தனிப் பேரினமாகப் பிரித்து, ஆஸ்ட்ரமின் நினைவாக ஆஸ்ட்ரோமியா என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இப்படி ஒரு அதிசயம் வந்தால் சந்தேகமும் வரும்தானே. 1985இல் வானியலாளர் ஃபிரெட் ஹாய்லும், கொழும்பில் பிறந்த சந்திரா விக்ரமசிங்கவும் பிரிட்டிஷ் மியூசியம் வாங்கிய லண்டன் பிரதி போலி என்று குற்றம் சாட்டினார்கள். டைனோசர் எலும்பைச் சுற்றிச் சிமென்ட் போன்ற எதையோ பூசி, அதில் கோழி இறகை அழுத்தி எடுத்துவிட்டார்கள் என்பது வாதம். லண்டன் அருங்காட்சியகத்தினர் 1986இல் பதில் கொடுத்தார்கள். பிளந்த இரண்டு பலகைகளிலும் மயிரிழை விரிசல்கள் ஒன்றுக்கொன்று பொருந்தி, இறகுப் பகுதியின் குறுக்கே ஓடுகின்றன. டென்ட்ரைட் எனப்படும் கருமையான கிளைக் கோலங்களும் கண்ணாடிப் பிம்பம்போல இரு பக்கமும் பொருந்துகின்றன. மாங்கனீசும் இரும்பும் கலந்த நீர் கல்லிடுக்கில் ஊறி வரையும் கோலங்கள் அவை. நடுவில் பூச்சு எதையும் புகுத்தியிருந்தால் இந்தப் பொருத்தம் வரவே வராது. என்னைப் பொறுத்தவரை அந்த விவாதம் அதோடு முடிந்தது.

சமீப ஆண்டுகளில் புதிய குவாரிகளைவிடப் புதிய கருவிகள்தான் அதிகம் சொல்லித் தந்திருக்கின்றன. புற ஊதா ஒளியில் வைத்தால் எலும்பும் சில மென் திசுக்களும் கல்லிலிருந்து வேறு நிறத்தில் ஒளிரும், வெறும் கண்ணுக்குத் தெரியாத தோலும் இழைகளும் வெளிப்படும். 1861இல் விவரிக்கப்பட்ட அந்த ஒற்றை இறகில் நிறமிப் பொதிகளான மெலனோசோம்களைத் தேடி, அது கருப்பாக இருந்திருக்க வேண்டும் என்று 2012இல் ஓர் ஆய்வு சொன்னது. அந்த இறகு ஆர்க்கியோப்டெரிக்ஸுக்கே உரியதா என்ற விவாதம் அதற்குப் பிறகும் நடந்தது. சிகாகோ ஃபீல்டு மியூசியத்தில் 2024இல் காட்சிக்கு வந்த பிரதி, புற ஊதா ஒளியின் துணையோடும் ஸ்கேன் செய்தும் சுத்தப்படுத்தப்பட்டது. அதன் ஆய்வு 2025இல் வெளியானது, கையின் மேல்பகுதியில் இதுவரை சரியாகத் தெரியாத உள்ளிறகு வரிசை ஒன்று அதில் தெரிகிறது. இதோடு சேர்த்து எலும்புக்கூடுகள் ஏறக்குறைய 14 ஆகின்றன.

நேரில் பார்க்க நினைப்பவர்களுக்கு: லண்டனிலும் பெர்லினிலும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகங்களில் புகழ்பெற்ற இரண்டு பிரதிகளும் இருக்கின்றன. ஆனால் நேரம் இருந்தால் ஐஷ்டெட்டுக்குப் போங்கள். அங்கே வில்லிபால்ட்ஸ்பர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜுரா அருங்காட்சியகத்தில் மீன், இறால், தும்பி என்று அந்தக் காயலின் முழுக் கூட்டத்தையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். சோல்ன்ஹோஃபன் ஊரிலும் நல்ல அருங்காட்சியகம் இருக்கிறது. பக்கத்திலேயே பொதுமக்கள் கல் பிளக்க அனுமதிக்கும் குவாரிகள் உண்டு, உளியும் சுத்தியலும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். கருப்பாகச் செடிபோல ஏதாவது தெரிந்தால் அது டென்ட்ரைட், தாவரம் என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கு அடுத்தபடியாகக் கிடைக்க வாய்ப்புள்ளது சக்கோகோமா, நீரில் மிதந்து வாழ்ந்த கடல் அல்லி, நட்சத்திர மீனின் தூரத்து உறவு. காசளவுதான் இருக்கும், சுருண்ட மெல்லிய கைகளோடு. ஏடு பிளந்ததும் மேல் பலகை, கீழ்ப் பலகை இரண்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் தெரியாத விவரம் மற்றதில் இருக்கும்.